கடைசி இடம் என்னோடது

ஈரச் செய்தித்தாளால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தால்தான் கண்ணாடியில் கோடு விழாது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்த கைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்றிலிருந்து வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டு ரேகை பதித்துவிட்டுப்போன கண்ணாடிப் பெட்டியின் மூடியை டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி, புருவத்தைக் கொஞ்சம் தூக்கியபடி படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் போன உயிர். இன்றைக்கு ஞாயிறு. தகனக் கூடத்தில் ஒன்பதரைக்கு முறை வாங்கியிருந்தார்கள்.

"போதும்பா. நாலாவது தடவை துடைக்கிறீங்க" என்றாள் மகள்.

"உங்கம்மாவுக்குக் கண்ணாடியில கறை இருந்தா பிடிக்காது."

"அம்மாவுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான். விடு."

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்து, யார் முதலில் அடிப்பது என்று தெரியாமல் அடிக்கிற மணி. கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே ஏழு பேர், ஏழு சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் பல்லாகத்தான் வந்திருந்தார்கள். உள்ளே பெட்டியைப் பார்த்ததும் ஒவ்வொரு பல்லாக மறைந்தது. அதில் ஒரு ஆள் ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார்.

டிரைவர் செய்தித்தாளைக் கசக்கி ஓரமாகப் போட்டார். "வந்துட்டாங்க" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் துளியும் இல்லை. அதை மகள் கவனித்தாள்.

விஷயம் இதுதான். டிரைவரின் மனைவி ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். கம்பெனி போர்டையே எடுத்துவிட்டபோது, ஐம்பத்து நாலு வயதில், சைக்கிள் கற்றுக்கொண்டாள். ஊரில் ஒரு சைக்கிள் கிளப் இருந்தது. ஞாயிறு காலையில் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். புதிதாக யாராவது வந்தால் முதல் மேட்டிலேயே பின்தங்கி, தனியாக மூச்சு வாங்கி, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மறுவாரம் அந்த முகம் வராது. இவள் போய்ச் சேர்ந்து ஆறே மாதத்தில் அதை மாற்றினாள். மாதத்தில் ஒரு ஞாயிறு புதியவர்களுக்கு மட்டும். கிளம்பும் இடம் இவள் வீட்டு வாசல். முன்னால் போகிறவர் தலை, கடைசியில் வருகிறவர் வால். வால் யாரையும் முந்தக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. எங்கே நின்றாலும் தலை "வாலு வந்தாச்சா?" என்று கேட்க வேண்டும், வால் "வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் அடுத்த மிதி. போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். வால் வந்தாச்சு என்கிற வரைக்கும் எவ்வளவு பெரிய கொம்பனும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது. தலை மாறிக்கொண்டே இருந்தது. வால் மட்டும் ஐந்து வருஷமாக அவள்தான்.

இந்த ஐந்து வருஷத்தில் டிரைவர் செய்தது ஒரே வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடிவைப்பார். ஸ்பேனர் பிடித்த கை அல்லவா, மூடியை அப்படி இறுக்கிவிடுவார். "இதைத் திறக்க இன்னொரு டிரைவரைத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று அவள் திட்டாத ஞாயிறு கிடையாது. இன்றைக்கும் அவர் கை தன்பாட்டுக்கு நிரப்பிவிட்டது. பாட்டில் அடுப்படி மேடையில் வியர்த்துக்கொண்டு நின்றது.

கிளப்பின் இப்போதைய தலை ஒரு பல் டாக்டர். முப்பது வயது, தொடையோடு ஒட்டிய டிரவுசர், அதைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவருக்கு வாய் சும்மா இராது. இன்று அவர் பேன்ட் போட்டு வந்திருந்தார். கிளப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஓரமாக நின்றவர், ஏழு பேரையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ. கிளப் குரூப்ல ரைடு கேன்சல்னு வெள்ளிக்கிழமையே போட்டுட்டேனே சார்! புதுசா வர்றவங்க குரூப்பிலேயே இல்லையே! முதல் ரைடு முடிஞ்சாத்தானே சேர்ப்போம். இவங்க நம்பர் எல்லாம் அக்கா போன்லதான் இருக்கு. எனக்குத் தோணவே இல்ல சார், மன்னிச்சிடுங்க."

"எனக்குத் தோணுச்சு தம்பி" என்றார் டிரைவர். சட்டைப் பையில் இருந்து அவள் போனை எடுத்துக் காட்டினார். "வெள்ளிக்கிழமையில இருந்து என்கிட்டதான் இருக்கு. நான்தான் கூப்பிடல."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் ஒரு ஸ்கேன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் ஏழு பேரும் இருந்தார்கள். முதல் ஆள் தையல், மேட்டைக் கண்டால் பயம், மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். அடுத்தது மாமியாரும் மருமகளும், இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஆளை விட வேண்டாம், தனித்தனியாகப் போனால் சண்டை. பேங்க் காசாளர் பேசிக்கொண்டேதான் ஓட்டுவார், பேச விடவும். ஒரு ஆள் ஹெல்மெட் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறார், முன்பின்னாக இருக்கிறது, வெட்கப்படுவார், நேரில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவருக்கு இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வரும். கடைசி ஆள் பெயரே சொல்லவில்லை, வந்தால் சந்தோஷம்.

"ஞாயித்துக்கிழமை இவங்க வருவாங்க டிரைவரே. நான் போன்ல வரச் சொல்லிட்டேன். திருப்பி அனுப்பிடாதீங்க" என்றாள், மூக்கில் குழாயோடு.

"எந்திரிச்சு வந்து நீயே பாத்துக்கோ."

"வரேன். பின்னாடிதானே வரணும், மெதுவா வந்து சேந்துக்கிறேன்."

சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? டிக்கெட் எடுத்த ஆளை நடுவழியில் இறக்கிவிட்ட பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

கேட்டருகே அந்த ஏழு பேரும் சைக்கிளைத் திருப்பத் தொடங்கியிருந்தார்கள். கூடை வைத்த சைக்கிளோடு நின்ற அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம், அழுதுகொண்டிருந்தார். அதுதான் தையல்காரம்மா என்று டிரைவருக்குச் சொல்லாமலே விளங்கியது.

"நேர்ல பாத்ததே இல்லீங்க" என்றார் தையல்காரம்மா. "போன்லதான். எல்லாரும் போயிட்டு நான் மட்டும் கடைசியா வந்தா சிரிப்பாங்களேன்னு கேட்டேன். நீங்க கடைசியா வரவே முடியாது, கடைசி இடம் என்னோடது, அதை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்னாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் தைரியமா வந்தேன். நாங்க போயிட்டு வரோம் சார். எங்களால உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

"போகாதீங்கம்மா" என்றார் டிரைவர். "சொன்னா சொன்னபடி வருவா. பின்னாடிதான் வருவா."

மனைவியின் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் வரிசைப்படிதான் செய்வார்.

"மாப்ளே, என்ன சொல்றீங்க?"

"மச்சான், நம்ம போற ரோடும் இவங்க போற ரோடும் ஒண்ணுதான். மேம்பாலம் தாண்டி தகனக் கூடம், ஆறு கிலோமீட்டர். இவங்க முன்னாடி போகட்டும். நாம பின்னாடி போவோம்."

"சாவு வண்டி முன்னாடி போகும், ஜனம் பின்னாடி போகும். அதுதானே முறை? உலகத்துல எங்கேயாவது போறவங்க கடைசியா போனது உண்டா?"

"உங்க தங்கச்சி என்னிக்கு மச்சான் முன்னாடி போனா? கல்யாண போட்டோவுலகூட இடம் பத்தலைன்னு கடைசி வரிசையில போய் நின்னுட்டா. பொண்ணு எங்கேன்னு போட்டோகிராபர் தேடினாரே, ஞாபகம் இருக்கா?"

மச்சானின் உதடு துடித்தது, சிரிப்புக்கா அழுகைக்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது. இருந்தாலும் விடவில்லை. "ஒன்பதரைக்கு முறை. கால் மணி தாண்டினா அடுத்தவங்களை உள்ளே விட்டுடுவாங்க. அப்புறம் சாயங்காலம்தான். அதுவரைக்கும் அவளை ரோட்டுல வெச்சிருக்கப் போறீங்களா?"

நியாயமான கேள்விதான். டிரைவர் மகளைப் பார்த்தார். மகள் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தாள்.

"எட்டு மணிக்குக் கிளம்பலாம்பா" என்றாள்.

அமரர் ஊர்தி ஓட்டி வந்தவன் டிரைவரிடம் பஸ் பழகியவன். ஹார்னுக்கென்றே பிறந்த கை அவனுக்கு. காலியான ரோட்டிலும் அடிப்பான், காக்கைக்கும் அடிப்பான். டிரைவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அண்ணே, நீங்க ஓட்டக் கூடாதுண்ணே. இந்த நிலைமையில..."

"எந்த நிலைமையில? முப்பத்தோரு வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா என் வண்டியில?"

"இல்லண்ணே."

"அப்போ பக்கத்துல உக்காரு. ஹார்ன்ல கை வெச்சே, இறக்கி விட்டுடுவேன்."

ஒரு கீறல் விழவில்லை என்பது உண்மைதான். வண்டியில் விழவில்லை. ஆனால் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அவள் சைக்கிள் கற்றுக்கொண்ட முதல் மாதம், சந்தை ரோட்டில், பஸ்ஸுக்கு முன்னால் ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவருக்கு நேரமாகிவிட்டது. நீளமாக ஒரு ஹார்ன். அந்த அம்மா சைக்கிளோடு சாக்கடை ஓரம் விழுந்தது. பதறியடித்து இறங்கி ஓடித் தூக்கினால், ஹெல்மெட்டுக்குள் இருந்து சொந்தப் பெண்டாட்டி பார்க்கிறாள். "டிக்கெட் எடுக்காதவங்களை எல்லாம் இப்படித்தான் தள்ளி விடுவீங்களா டிரைவரே?" என்றாள். மொத்த பஸ்ஸும் சிரித்தது. வீட்டில் பத்து நாள் பேச்சில்லை. பதினோராம் நாள் முழங்கால் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஹார்னுக்குப் பயந்து விழலீங்க. பின்னாடி வர்றது யாருன்னு தெரியல. அதான் விழுந்தேன். தெரிஞ்ச ஆள்னா கால் தன்னால மிதிச்சிருக்கும்." அதற்குப் பிறகுதான் அவள் வாலானாள். அந்த ஹார்னைப் பற்றி டிரைவர் எத்தனையோ விதமாகக் கேலி பேசியிருக்கிறார். மன்னிப்பு மட்டும் கேட்டதில்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அவளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது என்று சொந்தக்காரர்களை வேன் வைத்து முதலிலேயே அனுப்பியாகிவிட்டது. முன்னால் பல் டாக்டர், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு. இரண்டு பக்கமும் கிளப் ஆட்கள். நடுவில் புதியவர்கள், சீட்டில் எழுதியிருந்த குறிப்புகளின்படியே. மாமியாரையும் மருமகளையும் டிரைவரே சேர்த்து நிறுத்தினார். ஹெல்மெட் ஆளிடம் மெதுவாகக் காதில் சொன்னார். அவர் வெட்கப்பட்டார். தையல்காரம்மா கடைசி. அவருக்குப் பத்தடி பின்னால் வண்டி, முதல் கியரில், அரை கிளட்சில். பின்கூண்டில் பெட்டியோடு மகளும், டிரைவருக்குப் பக்கத்தில் மச்சானும் ஊர்திக்காரனும். பாட்டில் முன்கண்ணாடி ஓரம் நின்றது.

முதல் இரண்டு கிலோமீட்டர் தேர் மாதிரி நகர்ந்தது. காசாளர் பேசிக்கொண்டே ஓட்டினார். பெயர் சொல்லாத ஆள், நல்ல உயரமான பெண்பிள்ளை, மருமகளிடம் மட்டும் ஏதோ சொன்னாள், பெயராகத்தான் இருக்கும். தையல்காரம்மாவின் சைக்கிள் இடமும் வலமும் ஆடியது, தோள் காதுவரை ஏறியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வண்டி அங்கேயே இருந்தது. தோள் கொஞ்சம் இறங்கியது.

"மணி எட்டு இருபத்தஞ்சு" என்றார் மச்சான்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. எல்லாரும் நின்றார்கள். பல் டாக்டர் காலை ஊன்றி, கையைத் தூக்கி, பழக்க தோஷத்தில் முழுத் தொண்டையோடு கேட்டுவிட்டார்: "வாலு வந்தாச்சா?"

கேட்ட மறு நொடி அவர் முகம் செத்துப்போனது. கிளப் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐந்து வருஷமாக அந்தக் கேள்விக்குப் பின்னாலிருந்து ஒரு டெலிபோன் குரல் வரும், தெளிவாக, அவசரமில்லாமல். டிரைவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை நேரம் வாய் கிழியப் பேசிய மனுஷன், தொண்டையில் யாரோ மூடியை இறுக்கிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பச்சை விழுந்தது. ஒருவரும் நகரவில்லை. பதில் வராமல் நகரக் கூடாது என்பது ரூல், கால் அதற்குப் பழகிவிட்டது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள், கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக.

அவரால் முடியவில்லை. கை தானாகப் போய் முன்விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்தது. பல் டாக்டர் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெடலை மிதித்தார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

மேம்பாலத்தின் அடிவாரத்துக்கு வரும்போது ஒன்பது ஐந்து. அங்கேதான் வினை காத்திருந்தது. மற்ற ஆறு பேரும் முக்கி முனகி ஏறிவிட்டார்கள். தையல்காரம்மா கால்வாசி ஏறினார், ஆடினார், காலை ஊன்றினார், அப்படியே நின்றுவிட்டார். வண்டியும் நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பாலத்து உச்சியில் பல் டாக்டர் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பது பத்து" என்றார் மச்சான். "மாப்ளே, பக்கத்துல தாராளமா இடம் இருக்கு. ஓரமா முந்திப் போயிடுங்க. அந்தம்மா மெதுவா உருட்டிட்டு வரட்டும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"ஆமாண்ணே, லாரியே போகும்" என்றான் ஊர்திக்காரன்.

இடம் இருந்தது. டிரைவரின் காலுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். இப்படி எத்தனை ஆயிரம் சைக்கிளை முந்தியிருப்பார். ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பினால் முடிந்தது, எட்டே நிமிஷத்தில் தகனக் கூடம். நேரம் தவறினால் சாயங்காலம் வரைக்கும் அவளை வாசலில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், சொந்தபந்தம் எல்லாம் காறித் துப்பும், மச்சான் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். முந்தினாலோ, அந்தம்மா தனியாகக் கடைசியில் நிற்பார். அந்த இடம் அவருடையது இல்லை.

"முந்த மாட்டேன் மச்சான்" என்றார் டிரைவர். "ஒரு தடவை அவசரப்பட்டு உங்க தங்கச்சியைச் சாக்கடையில தள்ளினவன் நான். அதுக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல அவகிட்ட. இன்னிக்கும் அவசரப்பட்டேன்னா நான் மனுஷனே இல்ல."

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். ஏறி நடந்தார். தையல்காரம்மா திரும்பிப் பார்க்காமல் ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னால எல்லாருக்கும் லேட்டு சார். நீங்க போயிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"பின்னாடி நிக்கிறது யாருன்னு தெரியுமில்ல?"

தையல்காரம்மா தலையை ஆட்டினார்.

"அவளுக்கு என்னிக்குமே அவசரம் கிடையாதும்மா. இன்னிக்குச் சுத்தமாவே கிடையாது."

தையல்காரம்மா திரும்பினார். சிரிக்கலாமா என்று பார்த்தார். டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு. அந்தம்மாவும் சிரித்துவிட்டார், சிரித்ததில் இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் விட்டுக்கொடுத்தன.

"உருட்டிட்டு ஏறலாமா சார்? அதுக்கு ரூல்ல இடம் இருக்கா?"

"மிதிச்சாலும் உருட்டினாலும் ஒண்ணுதான். முன்னாடி போகணும், அவ்வளவுதான்."

தையல்காரம்மா உருட்டினார். டிரைவர் வண்டிக்குத் திரும்பி, பத்தடி விட்டு, அரை கிளட்சில் ஏற்றினார். உச்சியில் பல் டாக்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்களை ஒரு கிளப் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, திடீரென்று சைக்கிளில் குனிந்து, பறந்தார். பாலத்தின் அந்தப் பக்கச் சரிவில் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தார்.

"எங்கே ஓடறான் அவன்?" என்றார் மச்சான்.

"முறையைப் பிடிச்சு வைக்க" என்றார் டிரைவர். "ச்சே, இன்னிக்குப் பாத்து அந்த டிரவுசரைப் போட்டுட்டு வரலியே. இன்னும் ரெண்டு நிமிஷம் மிச்சமாகியிருக்கும்."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். அதற்கப்புறம் அவர் மணி சொல்லவில்லை.

சரிவில் தையல்காரம்மா ஏறி உட்கார்ந்து ஓட்டினார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான். இருந்தாலும் ஓட்டினார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தகனக் கூடத்து கேட் இடது பக்கம். ஒன்பது நாற்பத்து மூன்று. அலுவலக வாசலில் பல் டாக்டர் சைக்கிளைக் குறுக்கே போட்டு, சட்டை நனைந்து, அங்கிருந்த குமாஸ்தாவிடம் கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். குமாஸ்தா, பேனாவைக் காதில் செருகிய ஆள், ரோட்டை எட்டிப் பார்த்தார். முதலில் கிளப் ஆட்கள், பிறகு மாமியார் மருமகள், பேசியபடி காசாளர், ஒரு உயரமான பெண், நேராகிவிட்ட ஹெல்மெட், ஒரே இடது திருப்பத்தை அழகாகத் திரும்பிய இன்னொருவர். அதற்கும் பின்னால் கூடை வைத்த சைக்கிள், அதற்கும் பின்னால் அமரர் ஊர்தி. இருபது வருஷ வேலையில் இப்படி ஒரு வரிசையை அவர் பார்த்திருக்க மாட்டார். "வரட்டும், வரட்டும்" என்று கேட்டின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.

தையல்காரம்மா கேட்டைத் தாண்டினார். வண்டி தாண்டியது. டிரைவர் மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகுதான் அந்த அமைதி அவருக்குக் கேட்டது.

ஏழு பேரும் வியர்த்து வழிந்து, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். சிவந்த முகம், வறண்ட உதடு. ஏழு பேர் கையிலும் பாட்டில் இருந்தது. ஒரு மூடியும் திறந்திருக்கவில்லை. போனில் அவள் சொல்லியிருக்கிறாள், அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். சிக்னலில் பட்டது போதும் என்று நினைத்திருப்பார்.

டிரைவர் இறங்கி வண்டியின் பின்பக்கம் போனார். கூண்டுக் கதவைத் திறந்தார். மகள் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். பெட்டிக் கண்ணாடியில் ரோட்டுத் தூசி லேசாகப் படிந்திருந்தது. அதைக் கையால் ஒரு இழுப்பு துடைத்தார். அன்றைக்குச் சொல்லாத வார்த்தையை, யாருக்கும் கேட்காதபடி, அவளிடம் சொன்னார். பிறகு நிமிர்ந்து திரும்பினார்.

"வாலு வந்தாச்சு" என்றார், பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரலில்.

ஏழு மூடிகள் திறந்தன. தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சொந்தக்காரர்கள் பெட்டியை இறக்க வந்தார்கள். மச்சான்தான் முதலில் கை கொடுத்தார். பின்பக்கத்துப் பிடியில், கடைசி ஆளாக.

டிரைவர் முன்னால் வந்து கண்ணாடி ஓரத்தில் இருந்த பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அது அசையவில்லை. வேட்டி நுனியால் பிடித்து இன்னொரு தரம் திருகினார்.

தையல்காரம்மா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.